அட்லாண்டா நூலகத்தில் சொன்ன சேலையூர்ப் பொய்

தாம்பரத்திலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எடுத்துப் போவார்கள். நானும் எடுத்துப் போனேன். பெட்டியில் அவற்றுக்கு அடியில் நான்கு பொன்னாடைகளும் இருந்தன.

எங்கள் வீட்டில் பொன்னாடைக்குப் பஞ்சமே இல்லை. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் சுந்தரம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாராட்டு விழா, பிரிவு உபசார விழா, ஆண்டு விழா என்று எங்களுக்குப் போர்த்திய சால்வைகள் பீரோவின் கீழ்த்தட்டில் பாலிதீன் உறை பிரியாமல் கிடக்கின்றன. குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்றால் சரிகை குத்தும். தரை துடைக்கலாம் என்றால் தண்ணீரை உறிஞ்சாது. அடுத்த விழாவில் அடுத்தவருக்குப் போர்த்துவது ஒன்றுதான் வழி. அப்படி நாங்கள் போர்த்திய சால்வை ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, போன பொங்கல் விழாவில் எனக்கே வந்து சேர்ந்தது. உறைக்குள் என் கையெழுத்தில் 'சுந்தரம் சார் வீடு' என்று துண்டுச் சீட்டு இருந்தது.

"அமெரிக்கால யாருக்குப் போத்தப் போற?" என்று சுந்தரம் கேட்டார்.

"யாராவது சிக்குவாங்க" என்றேன்.

யாராவது சிக்கியே ஆக வேண்டிய அவசியமும் இருந்தது. சேலையூரில் எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு ஒரு நூலகம் உண்டு. மோட்டார் ரூமுக்கு மேலே ஒரே அறை, இரண்டு நீள மேஜை, ஏழு பீரோ, ஒரு ஃபேன். நான்தான் பொறுப்பாளர், அதாவது சாவி என்னிடம் இருக்கிறது, நான் ஊரில் இல்லாவிட்டால் சுந்தரம் திறப்பார். சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் ஓர் அமெரிக்க நூலகருக்குப் பொன்னாடை போர்த்துகிற படத்தைத் திரையில் காட்ட வேண்டும், பின்வரிசையில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்க்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் எனக்கு இருந்த பெரிய லட்சியம் இதுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தேவி வந்து நின்றாள். தேவி எங்கள் காலனிக்குப் பின்னால் ஏரிக்கரைத் தெருவில் இருப்பவள், முப்பது வயதைத் தாண்டியவள். தினமும் மாலை ஆறு மணிக்கு நூலகத்தைப் பெருக்க வருவாள். பதினொன்றாவதோடு படிப்பை விட்டவள், இப்போது ப்ளஸ் டூ தேர்வைத் தனியாக எழுத விண்ணப்பித்திருந்தாள்.

"வூட்ல ஒரே ரூமு டீச்சர். டிவி ஓடிக்கினே கீது. எங்க குந்தி படிக்கிறது? எனக்கும் ஒரு கார்டு குடுங்க. இங்க ஒரு ஓரமா குந்திக்கிறேன்" என்றாள்.

எங்கள் நூலகத்தின் நான்காவது விதி: 'காலனி வீட்டு உரிமையாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் மட்டுமே உறுப்பினராகலாம்.' அதை எழுதியது நான். 'அவர்தம்' என்று போட்டதற்காக அன்று கமிட்டியில் பாராட்டுகூட வாங்கினேன். அந்த விதியில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் காலனியில் யார் வீடு வாங்கினார்கள், யாருக்கு விற்கவே மாட்டார்கள் என்பது அதை எழுதின கைக்கு நன்றாகத் தெரியும்.

"கமிட்டில பேசணும்மா. நான் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன், பாக்கலாம்" என்றேன். முப்பத்து நான்கு வருஷம் பெற்றோர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம். தேவி "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அவளுடைய பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

என் மகள் வித்யா இருப்பது அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு புறநகரில். அவள் சிறுசேரியில் வேலை பார்த்த காலத்தில், பொழுது போனபின் வீட்டுக்கு வருகிறாள் என்று புலம்புவேன். அங்கே நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறாள், கண்ணில்தான் படுவதில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "அம்மா, மீட்டிங்" என்று குரல் வரும். முதல் இரண்டு நாட்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சேலையூரில் கேட்டருகே ஐந்து நிமிஷம் நின்றால் மூன்று பேர் "எங்க டீச்சர், வெளியவா?" என்று கேட்பார்கள். அந்தத் தெருவில் இரண்டு நாளில் ஒரு நாய் போனது, அதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கடைவீதிக்குப் பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பினேன். வித்யா நம்பரெல்லாம் எழுதிக் கொடுத்தாள். நாற்பது வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்ற உடம்பு இது. எந்தப் பக்கம் நின்றால் எந்தத் திசைக்குப் பஸ் வரும் என்பதை அது யோசிப்பதேயில்லை, கால் தானாகப் போய் நின்றுவிடும். அந்த நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடுகின்றன என்ற செய்தி என் காலுக்கு எட்டவில்லை. நம்பர் சரியான பஸ்தான், கடைவீதிக்கு நேர் எதிராக நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து ஜன்னலுக்கு வெளியே கடைகள் குறைந்து பழைய வீடுகளும் சர்ச்சுகளும் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. பதறி எழுந்து, நம் ஊர்ப் பழக்கத்தில் பஸ்ஸின் தகரத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டு தட்டினேன். ஓட்டுநர் ஒரு கறுப்பினப் பெண்மணி, நீண்ட நகங்களில் ஊதாச் சாயம் பூசியிருந்தார். அவர் ஒலிபெருக்கியில் நிதானமாகக் கேட்டார்:

"அம்மா, என் பஸ் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

இறங்க வேண்டுமானால் ஜன்னலோரம் இருக்கிற மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டுமாம். பக்கத்து சீட்டுக்காரர் அதை எனக்குக் காட்டிக்கொடுத்தார். இழுத்துப் பார்த்தேன், மணி அடித்தது. நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு தடவை இழுத்தேன். அடுத்து வந்தது கடைசி நிறுத்தம், அங்கே ஓட்டுநர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போற பஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும். அதோ மூலையில் ஒரு லைப்ரரி இருக்கு, போய் உட்காருங்க." என் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பாத்ரூமும் இருக்கு" என்றார்.

ஆக, ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் போற்றும் ஒரு நூலகத்துக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது கழிப்பறை தேடித்தான். இந்தப் பயணக் கட்டுரையில் அதை மறைக்கலாம் என்று பார்த்தேன், வித்யா ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

அது முன்பு முடிதிருத்தும் கடையாக இருந்த கட்டடம். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அலமாரிகள் வைத்திருந்தார்கள். பழைய சுழல் நாற்காலி ஒன்றை மட்டும் படிக்கிறவர்களுக்காக விட்டுவைத்திருந்தார்கள். வாசலில் என் வயதை ஒத்த ஒரு கறுப்பினப் பெண்மணி, முழங்காலில் சாயம் படிந்த கால்சட்டையோடு, வேனிலிருந்து புத்தகப் பெட்டிகளைத் தரையில் இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இப்படித் தரதரன்னு இழுத்தா அடில இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் அட்டை கிழிஞ்சுடும். தூக்கி வைக்கணும்" என்று இங்கிலீஷில் பாடம் நடத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று அடுத்த பெட்டியைத் தூக்கி வைத்தார். சொன்னால் கேட்கிற ஆள் என்று மனதுக்குள் சான்றிதழ் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கழிப்பறையிலிருந்து வந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். அங்கிருந்த புத்தகங்கள் எல்லாம் கறுப்பின மக்கள் எழுதியவை அல்லது அவர்களைப் பற்றியவை. கதை, கவிதை, பருத்திக் காட்டு அடிமை வாழ்க்கை, வடக்கே வேலை தேடிப் போன குடும்பங்கள், இசை, சமையல். அவற்றுக்கு நடுவே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாமான்களும் இருந்தன. எண்ணெய்க் கறை படிந்த சமையல் நோட்டுகள். ஒட்டுத்துணியில் தைத்த போர்வைகள். சர்ச்சில் வீசிக்கொள்ளும் அட்டை விசிறிகள், அவற்றின் பின்பக்கம் சவ அடக்கம் செய்யும் கடையின் விளம்பரம். நம் ஊர்க் கல்யாண விசிறியில் நகைக்கடை விளம்பரம் போடுவார்கள். அந்தக் கடைக்காரர் இன்னும் தூரமாக யோசித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொருவரும் நெஞ்சுக்கு நேராக நூலக அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே இப்படிப் படம் எடுத்து மாட்டுவது அங்கே வழக்கமாம். நடுவில் மிக வயதான ஒரு பெண்ணின் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

மேஜையில் இருந்த டெனிஸ் என்ற பெண் எனக்கு டீ கொடுத்து, பேரைக் கேட்டாள். பானுமதி என்றேன். உடனே 'மிஸ் பானு' ஆக்கிவிட்டாள். பெரியவர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். நானும் ஒரு நூலகம் நடத்துகிறேன் என்றதும் அவள் கண் விரிந்தது. "சனிக்கிழமை மதியம் இங்கே சாப்பாடு. நீங்க கண்டிப்பா வரணும். இதை ஆரம்பிச்ச மிஸ் லொரெய்ன் உங்களைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

பொன்னாடைக்கு ஆள் சிக்கிவிட்டது.

சனிக்கிழமை வித்யாவே காரில் கூட்டிப் போனாள். "அம்மா, ப்ளீஸ், அங்க யாருக்கும் எதுவும் போர்த்தாதீங்க" என்று வழி நெடுகச் சொன்னாள். நான் அரக்கு நிறப் பட்டுப் புடவையில், மடியில் சால்வைப் பையோடு, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

உள்ளே முப்பது பேர் இருந்தார்கள், எல்லோரும் சாதாரண உடையில். அலமாரி ஓரமாக உயரமான ஒருவர் மட்டும் டை கட்டி, கையில் எழுதும் அட்டையோடு, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். லொரெய்ன் பெண் பெயர்தான், அது தெரியும். ஆனால் விழா என்றால் முதலில் தலைவருக்குப் போர்த்த வேண்டும், நிறுவனருக்குப் பிறகு. இது எங்கள் ஊர் மேடை ஒழுங்கு. டை கட்டியவர்தான் தலைவர் என்று நேராக அவரிடம் போனேன். "தமிழ்நாட்டு மக்களின் சார்பாக" என்று தொடங்கி, எந்தத் தமிழ்நாட்டு மக்களும் என்னிடம் சொல்லாத நான்கு வாக்கியங்களைச் சொல்லி, எக்கி நின்று அவர் தோளில் சால்வையைப் போர்த்தினேன். இரண்டு பேர் மட்டும் கைதட்டினார்கள்.

"ரொம்ப நன்றி அம்மா" என்றார் அவர். "நான் நகராட்சியிலிருந்து தீயணைக்கிற சிலிண்டரைப் பார்த்துட்டுப் போக வந்தேன்."

அவர் வெள்ளைக்காரர். அன்று அந்த அறையில் இருந்த ஒரே வெள்ளைக்காரர். கறுப்பின மக்களின் நூலகத்துக்குப் போய், இருந்த ஒரே ஒரு வெள்ளைக்காரரைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்திய பெருமை எனக்குத்தான். டை கட்டியிருந்தார், அதனால் ஏமாந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். நல்ல மனிதர், சால்வையைக் கழற்றாமலே போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த சிலிண்டரைச் சரிபார்த்தார். வித்யா சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அப்போது சமையல் பக்கமிருந்து ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். புத்தகப் பெட்டி இழுத்த அதே அம்மாள்.

"நான்தான் லொரெய்ன்" என்றார். "பெட்டியெல்லாம் தூக்கித்தான் வைக்கிறேன், மிஸ் பானு. எனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கா?"

பூமி பிளக்கவில்லை. மூன்று சால்வை மிச்சம் இருந்தது. அவர் குனிந்து தோளைக் காட்டினார், நான் போர்த்தினேன். டெனிஸ் படம் எடுத்தாள். எனக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. அத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

சாப்பாடு இருந்ததால் வரவில்லை. தட்டில் காராமணி, சோள ரொட்டி, புகை வாசனையோடு வேகவைத்த தடித்த கீரை, வெண்டைக்காய் வதக்கல், கடைசியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்த இனிப்பு. காராமணியைப் பார்த்ததும், "இது எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை சுண்டல்" என்றேன். "வெண்டைக்காயும் எங்களோடதுதான்." எதிரே இருந்த பெரியவர் மெல்லச் சிரித்தார். "இந்த ரெண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து, எங்க ஆட்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்த காலத்துல, அவங்களோட வந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் எதையும் எங்களுடையது என்று சொல்லவில்லை.

சாப்பிட்டபின் லொரெய்ன் என்னைப் படங்கள் இருந்த சுவருக்கு அழைத்துப் போனார். நடுவில் இருந்த பெரிய படம் அவருடைய அம்மாவாம்.

"எங்க அம்மா ஒரு சின்ன ஊர்ல லைப்ரரியைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாங்க. அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டுமான லைப்ரரி. புத்தகத்தைத் துடைக்கலாம், அடுக்கலாம். எடுத்துட்டுப் போகக் கூடாது, உட்கார்ந்து படிக்கக் கூடாது. ஒவ்வொரு புத்தகத்தோட முதுகும் அம்மாவுக்கு மனப்பாடம். ஒண்ணோட உள்பக்கமும் தெரியாது. இதை ஆரம்பிச்ச அன்னைக்கு முதல் கார்டு அம்மாவுக்குத்தான் கொடுத்தேன். அப்போ அவங்களுக்குக் கண் சரியாத் தெரியாது. நான் படிச்சுக் காட்டினேன்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க லைப்ரரிக்கு யாரெல்லாம் வருவாங்க, மிஸ் பானு?"

"எல்லோரும்" என்றேன்.

"பெருக்குறது யாரு?"

"தேவின்னு ஒரு பெண்."

"அவங்க படிப்பாங்களா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழுசாக இரண்டு மூன்று வினாடி இருந்தது. "படிப்பாளே. அவளும் எங்க மெம்பர்தான். அவதான் ரொம்பப் புத்தகம் எடுப்பா" என்றேன். முதல் பொய் தடுக்கி விழுந்தது, மற்றவை அதன் மேல் விழுந்தன.

லொரெய்ன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, "எல்லோரும் கேளுங்க. மிஸ் பானுவோட லைப்ரரியில பெருக்குற பெண்ணுக்குக் கார்டு இருக்கு" என்று அறைக்கே அறிவித்தார். இந்தத் தடவை எல்லோரும் கைதட்டினார்கள். சுண்டலைத் திருத்திய பெரியவர் எழுந்து நின்றே தட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அது.

"அவங்க கார்டோட நிக்கிற படம் ஒண்ணு அனுப்புங்க. எங்க அம்மாவுக்குப் பக்கத்துல மாட்டுறோம்" என்றார் லொரெய்ன். சொன்னதோடு நிற்கவில்லை. சுத்தியலை எடுத்து வந்து, அம்மா படத்துக்கு இடப்பக்கத்தில் ஓர் ஆணியை அங்கேயே அடித்துவிட்டார்.

திரும்பும்போது வித்யா காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். பிறகு, "தேவிக்கு எப்பம்மா கார்டு குடுத்தீங்க?" என்றாள்.

"போனதும் குடுப்பேன்."

"அப்போ இன்னும் குடுக்கல."

"சிக்னல் பார்த்து ஓட்டு" என்றேன்.

மீதி நாட்களில் வித்யா என்னை ஓர் அருவிக்கும் இரண்டு மலைக்கும் கூட்டிப் போனாள். எங்கே போனாலும் எனக்கு அந்த ஆணிதான் தெரிந்தது.

ஊர் வந்து இறங்கி, தாம்பரம் மேம்பாலத்தடியில் கார் நின்று, நான்கு பக்கமும் ஹாரன் சத்தம் கேட்டபோதுதான் உயிர் வந்தது. அடுத்த நாளே டெனிஸிடமிருந்து செய்தி வந்தது: 'மிஸ் பானு, ஆணி காத்திருக்கிறது.' கமிட்டி கூடுவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தலைவர் கோபாலன் சார் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, விதி என்றால் விதி. அவரிடம் போராடுவதைவிடச் சுருக்கமான வழி ஒன்று எனக்குத் தோன்றியது. படம்தானே கேட்டார்கள்?

மறுநாள் நூலகம் திறக்காத மதிய வேளையில் தேவியை வரச் சொன்னேன். ஒரு புது அட்டையில் அவள் பெயரை எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்து, சுவரோரம் நிற்கவைத்தேன். சுந்தரம் செல்போனில் படம் எடுத்தார். ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்கிற மாதிரி விறைப்பாக நின்றாள், அட்டையை அழுக்காக்காமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"போட்டோ ஆயிட்ச்சா டீச்சர்?" என்று கேட்டாள். "இந்தாங்க கார்டு."

நான் கேட்கவே இல்லை. அவளாகவே திருப்பி நீட்டினாள். கோபமோ வருத்தமோ அவள் குரலில் இல்லை. நான் எதற்காக அழைத்திருப்பேன், எவ்வளவு தருவேன், எப்போது திரும்ப வாங்கிக்கொள்வேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

"வச்சுக்கோ. உன்னுதுதான்" என்றேன்.

"கமிட்டில கேட்டீங்களா?"

"கேட்டுடறேன்."

"மொதல்ல கேளுங்க டீச்சர். அப்பாலிக்கா வாங்கிக்கிறேன்." அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே லொரெய்னுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நான்காவது விதி, அதை எழுதியது யார், நான் சொன்ன பொய், மதியம் எடுத்த படம், எதையும் விடவில்லை. எழுதிவிட்டு, இனி அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு வரி: 'ஆணியைப் பிடுங்கவில்லை.'

பத்தாம் நாள் கமிட்டி கூடியது. ஒன்பது பேர், ஒன்பது டீ, ஒரு தட்டு பிஸ்கட். நான் அமெரிக்கக் கதையைச் சொன்னேன். தீயணைப்பு அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்திய இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவிக்குக் கார்டு என்றதும் சிரிப்பு நின்றது.

"ஒருத்தருக்குக் குடுத்தா ஏரிக்கரைலேர்ந்து எல்லாரும் வருவாங்க டீச்சர்" என்றார் கோபாலன் சார்.

"வரட்டும் சார். கடலை கொறிக்க வர்ற பசங்களை விட்டா, போன மாசம் மொத்தமே பதினோரு பேர்தான் வந்திருக்காங்க. அதுல நாலு பேர் ஃபேனுக்கு வந்தவங்க."

"ரூல் நீங்க எழுதினதுதான?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றபோது இந்த வாக்கியத்தை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னபின் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. கோபாலன் சார் மட்டும், "அதெல்லாம் உடனே மாத்த முடியாது, அடுத்த பொதுக்குழுல வெக்கலாம்" என்றார். அதாவது தேவியின் பரீட்சை முடிந்து மூன்று மாதம் கழித்து.

நான் பையிலிருந்து நூலகச் சாவியை எடுத்து பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அதுவரைக்கும் நீங்க யாராவது தெறந்து மூடுங்க சார். தினம் அஞ்சுலேர்ந்து எட்டு."

மற்ற எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சாவியைப் பார்க்கவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் பேரனை நீச்சலுக்கு அழைத்துப் போக வேண்டும். கோபாலன் சார் ரொம்ப நேரம் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே இருந்தார், அது உடைந்து உள்ளே விழுந்தது. பிறகு, "சரி, 'இப்பகுதியில் வசிப்போர்'னு மாத்தி எழுதுங்க" என்றார். எழுதினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு நூலகம் திறந்ததும் தேவி வந்து அட்டையை வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் நிதானமாகப் படித்தாள். பதிவேட்டில் தன் எண்ணையும் சரிபார்த்தாள். "இப்ப எடுங்க சார்" என்று சுந்தரத்திடம் சொல்லிவிட்டு நின்றாள். அந்தப் படம்தான் அட்லாண்டாவுக்குப் போனது.

"இன்னொன்னு டீச்சர்" என்றாள். "இனிமே ஆறு மணிக்குப் பெருக்க முடியாது. அப்பதான் நான் படிக்கணும். காலைல வந்து பெருக்கிட்டுப் போறேன்."

"சாயங்காலம் பசங்க கடலைத்தோலி போட்டுட்டுப் போவாங்களே, அதை யாரு பெருக்கறது?" வாய் கேட்டுவிட்டது.

தேவி என்னைப் பார்த்தாள். ஓரத்து நாற்காலிகளைத் தாண்டிப் போய், ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்தாள்.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். தரை முழுக்கத் தோலி. கோபாலன் சார் எதிர் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தேன். எனக்கு வாசல் பெருக்கியே பல வருஷம் ஆகிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது. கோபாலன் சார் பேப்பரை இறக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலியாகப் பெருக்கிக்கொண்டு தேவியின் நாற்காலிக்கு வந்தேன்.

அவள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.